பரு போன பிறகும் கன்னத்தில் தங்கிவிட்ட கருமை: கெமிக்கல் பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சை) செய்துகொள்ளலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. மாநிறத்தைவிடச் சற்றுக் கூடுதலான கருமை என் நிறம். பதின்ம வயதைக் கடந்த பின்னும் விடாமல் வந்துகொண்டிருந்த முகப்பரு, ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையைச் சில மாதங்கள் சாப்பிட்ட பிறகே அடங்கியது. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. இப்போது புதிய பரு எப்போதாவது ஒன்றிரண்டு வருவதோடு சரி. ஆனால் பழைய பருக்கள் இருந்த இடமெல்லாம் பழுப்பும் கருப்புமாகப் புள்ளிகள் தங்கிவிட்டன. நெற்றிப்பொட்டின் ஓரத்தில் ஊசியால் குத்தியதுபோல் நான்கைந்து சிறு குழிகளும் உள்ளன.

அழகு சிகிச்சை நிலையம் ஒன்றில் காட்டியபோது, முகத்தைப் பார்த்த இரண்டாவது நிமிடத்திலேயே "70 சதவீத கிளைகாலிக் பீல் ஆறு முறை செய்துவிட்டால் எல்லாம் போய்விடும், நிறமும் இரண்டு படி கூடும்" என்றார்கள். நான் என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் அப்போது தோன்றவில்லை. தோழி ஒருத்தியோ, 30 சதவீத பாட்டில் இணையத்திலேயே கிடைக்கிறது, வீட்டில் நாமே போட்டுக்கொள்ளலாம் என்கிறாள். இன்னும் ஐந்து வாரத்தில் புதிய பணியில் சேரவிருக்கிறேன். அதற்குள் முகம் தெளிந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்ற ஆசை இருக்கிறது. எந்த அமிலம் எனக்கு ஏற்றது, அதை யாரிடம் செய்துகொள்வது, செய்துகொண்டால் உண்மையில் எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: தோல் மருத்துவர்

வணக்கம் சகோதரி. மாத்திரையைப் பற்றி இங்காவது எழுதினீர்களே, அதுவே பெரிய உதவி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் முகத்தில் இருப்பவை இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஜன்னல் ஓரமாக நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கண்ணாடியில் பாருங்கள். நிழல் விழும் இடம் குழி. நிழல் விழாமல் நிறம் மட்டும் மாறியிருக்கும் இடம் கறை. மேலோட்டமான பீல் கறைக்குத்தான் உதவும். ஊசி முனைபோல் ஆழமாக இறங்கிய குழிகளுக்கு, எத்தனை முறை முகம் முழுவதும் பீல் செய்தாலும் மாற்றம் தெரியாது. அவற்றுக்கென்றே, அடர்த்தி மிகுந்த டிசிஏ (ட்ரைகுளோரோ அசெட்டிக்) அமிலத்தைக் கூரான குச்சியின் முனையால் குழிக்குள் மட்டும் தொட்டு வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதைக் கைதேர்ந்த மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும், அதுவும் கறைகள் அடங்கிய பிறகு. எனவே குழிகளை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டுக் கறையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கறையிலும் இரண்டு வகை உண்டு. பழுப்பாகத் தெரிவது பெரும்பாலும் மேல்தோலிலேயே நிற்கும் நிறமி. சாம்பல் பூத்த நீலமாகத் தெரிவது அடித்தோலுக்குள் இறங்கிவிட்ட நிறமி. முன்னது வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் தானாகவே மங்கும். பீல் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது, அவ்வளவுதான். பின்னது ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியது. மேலோட்டமான பீல் அதை எட்டுவதே இல்லை.

பீல் என்பது தோலுக்கு நாம் வேண்டுமென்றே, ஓர் அளவோடு உண்டாக்கும் காயம். பழைய செல்கள் கழன்று விழுகின்றன, அடியிலிருந்து புதியவை மேலெழுந்து வருகின்றன. முள்ளை முள்ளால் எடுப்பது என்று சொல்வார்களே, அதேதான் இது. எடுக்கப்போன முள்ளும் உள்ளே ஒடிந்துவிடக் கூடாது. உங்களுடையதைப் போன்ற கருமை நிறத் தோலில் இந்தக் கவனம் இருமடங்கு தேவை. மேல்தோலின் அடிவரிசையில் இருக்கும் நிறமிச் செல்கள் உங்களுக்கு மிகவும் விழிப்பானவை. சிறிய அழற்சி ஏற்பட்டாலும் அவை கூடுதலாக மெலனின் என்ற நிறமியைச் சுரந்து கொட்டிவிடும். பரு ஆறிய இடத்தில் கறை வந்தது இப்படித்தான். அளவு மீறிய பீலும் அதே வழியில், முன்பிருந்ததைவிடப் பெரிய கறையை உண்டாக்கும். வெயிலில் தோல் எப்படி எரிகிறது, எப்படிக் கறுக்கிறது என்பதை வைத்து ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975 இல் தொடங்கிவைத்த தோல் வகைப்பாட்டில் இப்போது ஆறு வகைகள் உள்ளன. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நான்காவது அல்லது ஐந்தாவது வகையில் வருவீர்கள். இந்த வகையினருக்கு முதல் அமர்விலேயே 70 சதவீத கிளைகாலிக் என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கமாக 20 அல்லது 30 சதவீதத்தில், ஓரிரு நிமிடத்தோடு தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்துத்தான் படிப்படியாக ஏற்றுவோம்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு மாண்டெலிக் அல்லது சாலிசிலிக் அமிலத்தில் தொடங்குவேன். மாண்டெலிக்கின் மூலக்கூறு கிளைகாலிக்கைவிடப் பெரியது என்பதால் அது தோலுக்குள் மெதுவாக, சீராக இறங்கும், எரிச்சலும் குறைவு. சாலிசிலிக் எண்ணெயில் கரையக்கூடியது. அதனால் எண்ணெய்ச் சுரப்பியின் துளைக்குள் நுழைந்து அடைப்பை எடுக்கும், இன்னும் எட்டிப்பார்க்கும் ஒன்றிரண்டு பருவுக்கும் சேர்த்து நன்மை செய்யும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாலிசிலிக் பீலைத் தவிர்க்க வேண்டும்.

இனி மாத்திரை. ஐசோட்ரெட்டினோயின் நிறுத்தி ஆறு மாதம் ஆகும்வரை எந்தப் பீலும் கூடாது என்பதுதான் நெடுங்காலமாக இருந்த விதி. மேல்தோலோடு நின்றுவிடும் மெல்லிய பீல்களுக்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை என்று இப்போது பலரும் கருதுகிறோம். நடுத்தர ஆழத்துக்கும் அதற்குக் கீழும் போகும் பீல்களுக்கு அந்த இடைவெளியை நான் இன்றும் விட்டுக்கொடுப்பதில்லை. வடு விழுந்துவிட்டால் அதை முழுவதும் அழிக்க வழியில்லை. எப்படியானாலும் செய்பவருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். நோயாளி சாப்பிடும் மாத்திரை, உதட்டில் அடிக்கடி ஹெர்பீஸ் கொப்புளம் வருவதுண்டா, காயம் ஆறினால் தடித்த தழும்பு எழும்புவதுண்டா என்ற மூன்றையும் கேட்காமல் அமிலத்தைக் கையில் எடுப்பவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

"நிறம் இரண்டு படி கூடும்" என்றார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பிறவி நிறத்தை எந்தப் பீலும் மாற்றாது. மாற்ற வேண்டிய குறையும் அதில் எதுவுமில்லை.

மறுமொழி 2: மருந்தாக்கத் துறையில் பணியாற்றுபவர்

மருத்துவர் சொன்னதோடு, பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் சதவீதத்தைப் பற்றி ஒரு விளக்கம் சேர்க்க விரும்புகிறேன். 30 என்றால் வீரியம் குறைவு, 70 என்றால் கூடுதல் என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எண் மட்டும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது.

கிளைகாலிக் அமிலம் கரைசலில் இரண்டு வடிவில் இருக்கும்: ஒன்று கட்டற்ற அமிலம், மற்றொன்று உப்பு. தோலுக்குள் இறங்கி வேலை செய்வது பெரும்பாலும் கட்டற்ற அமிலமே. கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறைந்தால் அமிலத்தன்மை கூடுதல்) 3.83 ஆக இருக்கும்போது இவை இரண்டும் சரிபாதி. பிஎச் குறையக் குறையக் கட்டற்ற அமிலத்தின் பங்கு கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், பிஎச் 4 இல் இருக்கும் 30 சதவீதக் கரைசலில் கட்டற்ற அமிலம் ஏறக்குறைய 12 சதவீதம். பிஎச் 3 இல் இருக்கும் 15 சதவீதக் கரைசலில் அது ஏறக்குறைய 13 சதவீதம். அதாவது பாதி எண் கொண்ட பாட்டில், முழு எண் கொண்ட பாட்டிலைவிடக் கடுமையாக இருக்க முடியும். பிஎச் அச்சிடப்படாத பாட்டிலை வாங்குபவர், எதை வாங்குகிறோம் என்று தெரியாமலேயே வாங்குகிறார்.

இதனால்தான், வீட்டில் பயன்படுத்தும் பொருளில் கிளைகாலிக், லாக்டிக் போன்ற அமிலங்கள் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பிஎச் 3.5 க்குக் கீழே போகக் கூடாது என்று அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருள்களை ஆராயும் நிபுணர் குழு வரையறுத்தது. பயிற்சி பெற்றவர் போட்டு உடனே கழுவிவிடும் பொருளுக்கு 30 சதவீதமும் பிஎச் 3.0 உம் எல்லை. 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும், அடர்த்தி மிகுந்த பீல் கரைசல்களை மருத்துவ மேற்பார்வையின்றி வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாக எச்சரித்தது. கடும் தீக்காயம் போன்ற புண்கள் ஏற்படலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

ஒவ்வொரு அமிலமும் தன் வேலையை நிறுத்தும் விதமும் வேறு. சாலிசிலிக், கரைப்பான் ஆவியானதும் வெண்ணிறப் படிகமாக முகத்தில் படிந்து தானாகவே ஓய்ந்துவிடும். டிசிஏ தோலின் புரதத்தை உறையவைத்து, அதிலேயே தன் வலிமையைச் செலவழித்துவிடும். எத்தனை பூச்சு பூசினோம் என்பதைப் பொறுத்து ஆழம் கூடும், பிறகு தண்ணீர் ஊற்றி அதைத் திரும்ப அழைக்க முடியாது. கிளைகாலிக்கோ நாம் நிறுத்தும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதை சோடியம் பைகார்பனேட் கரைசலால் சமன்செய்ய வேண்டும், அல்லது நிறையத் தண்ணீரால் கழுவ வேண்டும். சமன்செய்யும் கரைசலைத் தயாராக எடுத்துவைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பூசுவது இதற்காகத்தான்.

மறுமொழி 3: வீட்டில் போட்டுப் பார்த்தவர்

தங்கச்சி, உங்கள் தோழி சொன்னதைத்தான் நான் செய்தேன். அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

இணையத்தில் வாங்கிய பாட்டில் அது. முந்தைய இரவு வழக்கம்போல் ட்ரெட்டினோயின் கிரீம் (ரெட்டினாய்டு வகை மருந்து) தடவியிருந்தேன். அந்த வாரம் மேலுதட்டில் மெழுகு வைத்து முடியும் எடுத்திருந்தேன். இவை இரண்டும் தோலின் மேலடுக்கை மெலிதாக்கிவிடும், அமிலம் அங்கே வேகமாக இறங்கும் என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. பாட்டிலில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தது. மூன்றாவது நிமிடத்தில் எரிச்சல் தாங்கவில்லை. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது மேலுதட்டிலும் வாயின் இரு ஓரங்களிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை படர்ந்திருந்தது. கிளைகாலிக் போடும்போது அப்படி வெளுத்தால் அந்த நொடியே கழுவ வேண்டும் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

மூன்றாம் நாள் அந்த இடங்கள் வெங்காயச் சருகுபோல் பழுப்பாகக் காய்ந்து, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன. பேசும்போதெல்லாம் அந்த ஓரம் அசைவது தெரியும். கை சும்மா இருக்கவில்லை, பிடித்து இழுத்தேன். வலது ஓரத்தில் ஈரமும் சிவப்புமாக உள்தோல் தெரிந்தது. தானாக விழும்வரை விட்ட இடது ஓரம் சில வாரங்களில் தெளிந்துவிட்டது. இழுத்த வலது ஓரத்தில் ஒரு நாணயம் அளவுக்குக் கரும்பட்டை விழுந்து, மங்குவதற்கு எட்டு மாதம் ஆயிற்று. ஒரே முகம், ஒரே பாட்டில், ஒரே நேரம். இரண்டு ஓரத்துக்கும் இருந்த வேறுபாடு என் விரல் மட்டுமே.

பிறகு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் முதல் இரண்டு மாதம் எந்த அமிலத்தையும் தொடவில்லை. மென்மையான முகக்கழுவி, மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இரவில் கறைக்கான ஒரு கிரீம், அவ்வளவுதான். அதற்கே பாதி மங்கியது. பின்னர் மாண்டெலிக் பீல் மூன்று வார இடைவெளியில் நான்கு முறை செய்தார். ஒவ்வொரு முறையும் விநாடியை வாய்விட்டு எண்ணிக்கொண்டே பூசுவார். சிறு மின்விசிறி ஒன்றை என் கையில் கொடுத்து, எரிச்சல் பத்துக்கு எத்தனை என்று இடையிடையே கேட்பார். நான் ஐந்து என்ற ஒருமுறை, அவர் திட்டமிட்ட நேரத்துக்கு முன்பே கழுவிவிட்டார். அந்தப் பொறுமையை நான் முதலிலேயே தேடிப் போயிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பாட்டில் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். கன்னத்தில் இருப்பவை எல்லாம் பழுப்புக் கறைகளே, தாடையோரத்தில் இரண்டு மட்டும் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன.

டாக்டர், இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. பணியில் சேரும் நாளுக்குள் ஓர் அமர்வாவது முடித்துக்கொள்ளலாமா? பீலுக்கு முன்னும் பின்னும் நான் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 4: தோல் மருத்துவர்

அந்தத் தேதியோடு பீலை முடிச்சுப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. பீலுக்கு முன் தோலைப் பழக்குவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும். பீல் முடிந்தபின் செதில் உதிர்ந்து சிவப்பு அடங்கச் சாதாரணமாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். எதிர்பாராமல் ஓர் இடம் கறுத்தால், அது வெளியே தெரிவதற்கே சில வாரம் ஆகலாம். ஐந்து வாரத்தில் இவை எல்லாவற்றையும் நெருக்கி அடைத்தால், புதிய அலுவலகத்தின் முதல் நாளில் முகம் உரிந்த நிலையில் நிற்க நேரலாம். அந்த ஐந்து வாரத்தைத் தோலைப் பழக்குவதற்கே கொடுங்கள். அதிலேயே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும் என்பதை மேலே எழுதிய சகோதரியின் அனுபவமே காட்டுகிறது. பணியில் நிலைகொண்ட பிறகு, ஓய்வு நாளுக்கு முந்தைய மாலையில் முதல் அமர்வை வைத்துக்கொள்ளலாம்.

பழக்குவதில் முதலிடம் சன்ஸ்கிரீனுக்கு. எஸ்பிஎஃப் 30 க்குக் குறையாததாக, யுவிஏ என்ற புற ஊதாக் கதிரையும் தடுப்பதாக இருக்கட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். பலரும் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூசுங்கள். கருமை நிறத் தோலைக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் கறுக்கச் செய்யும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமேற்றிய சன்ஸ்கிரீன் உங்களுக்கு மிகவும் பொருந்தும். இரவுக்கு ரெட்டினாய்டோ கறை மங்கவைக்கும் வேறு கிரீமோ உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் எழுதித் தருவார். மாத்திரைக்குப் பிந்தைய தோல் எளிதில் வறண்டுவிடும் என்பதால் நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம். ரெட்டினாய்டு தருவாரானால், அவர் சொல்லும் நாளில், பீலுக்குச் சில நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். மெழுகு வைத்து முடி எடுப்பது, சொரசொரப்பான ஸ்கிரப் தேய்ப்பது ஆகியவையும் அந்த வாரம் கூடாது.

முதல் அமர்வுக்கு முன், காதின் பின்புறத்திலோ தாடைக்குக் கீழோ சிறிய இடத்தில் பூசிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அன்றே முடிவு சொல்பவரைவிட, சில நாள் கழித்து வந்து காட்டச் சொல்பவரை நம்பலாம். பீல் நடக்கும்போது கண்ணின் ஓரம், மூக்கின் மடிப்பு, வாயின் ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் வாசலின் பூசி மறைக்கிறார்களா என்று கவனியுங்கள். கரைசல் தேங்கி ஆழமாக இறங்குவது அங்கேதான். எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது உங்கள் கடமை அன்று. ஓரிடத்தில் மட்டும் கூடுதலாக எரிந்தால் அந்த இடத்தை விரலால் சுட்டிக்காட்டுங்கள்.

அன்று வெந்நீரில் முகம் கழுவக் கூடாது, ஒப்பனை கூடாது, வியர்க்க வியர்க்க உடற்பயிற்சியும் கூடாது. உரிவது முடியும்வரை வாசனையற்ற மாய்ஸ்சரைசரை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை பூசுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் செதில் உறுத்தினால், சிறு கத்தரிக்கோலால் அந்த விளிம்பை மட்டும் வெட்டிவிடலாம், இழுக்கக் கூடாது. ரெட்டினாய்டை உரிவது முழுவதும் நின்ற பிறகே மீண்டும் தொடங்க வேண்டும்.

இரண்டாம் நாளுக்குப் பின் வலி குறையாமல் கூடினால், நீர்க்கொப்புளமோ சீழோ தெரிந்தால், அல்லது ஒரு வாரம் தாண்டியும் ஓர் இடம் மட்டும் சிவந்தே இருந்தால், அடுத்த அமர்வுவரை காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் தொடங்கும் சிகிச்சை பெரும்பாலும் கறை விழாமல் காப்பாற்றிவிடும்.

தாடையோரத்தில் சாம்பலாகத் தெரியும் அந்த இரண்டையும் இப்போதே ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அதே ஜன்னல், அதே நேரம், மாதம் ஒருமுறை. பழுப்பு மங்கும்போது அவை தனித்துத் தெரியத் தொடங்கும். பீலால் கறுத்துவிட்டதோ என்ற பயம் அப்போது உங்களுக்கு வரக்கூடும். முன்பு எடுத்த படம் கையில் இருந்தால் உங்களுக்கும் மருத்துவருக்கும் ஐயம் இருக்காது.

கேள்வி கேட்டவர்

நன்றி டாக்டர். இன்று காலை பத்து மணிக்கு முதல் படத்தை எடுத்துவிட்டேன். ஆறு அமர்வுக்கான முன்பதிவை ரத்து செய்து, வேறொரு தோல் மருத்துவரிடம் அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறேன். நான் சாப்பிட்ட மாத்திரையின் பெயர், அளவு, நிறுத்திய தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.